கடைக்கு ஏற்ற ஹெல்ப் டெஸ்க்: தோட்டப் பட்டணத்துக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடும்பம் ஒரு பழுதுபார்க்கும் கடை நடத்துகிறது. புல் வெட்டும் மெஷின், மருந்து அடிக்கும் பம்பு, செம்பனைக் குலை வெட்டும் கன்டாஸ், ஜெனரேட்டர் என்று தோட்டத்தில் ஓடும் சின்ன எந்திரங்கள் எல்லாம் எங்களிடம் வரும். அண்ணன் பட்டறையைப் பார்க்கிறார். நான் கணக்கையும் கணினியையும் பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு, வரும் வேலைகளையும் புகார்களையும் இணையத்தில் இயங்கும் ஹெல்ப் டெஸ்க் மென்பொருளில் பதிய ஆரம்பித்தோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, யார் பார்க்கிறார், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வாடிக்கையாளரிடம் என்ன சொன்னோம் என்பதை ஒரே இடத்தில் வைக்கும் கருவி அது. வாங்கிய நாளில் அது எங்கள் கடைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. பொருந்த வைத்த பிறகு லோரி வைத்திருப்பவர், தண்ணீர் வடிகட்டி விற்பவர், அச்சகக்காரர், கல்யாண மண்டபம் நடத்துபவர் என்று தெரிந்தவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்தான் கீழே இருப்பவை.

555 நோட்டே போதாதா?

பலருக்குப் போதும். வாரத்துக்குப் பத்து வேலை, எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கிறார் என்றால் அந்தச் சட்டைப்பை நோட்டைவிட வேகமான கருவி கிடையாது.

பதில் சொல்லும் ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஆகும்போதுதான் சிக்கல் வருகிறது. நோட்டு அப்பாவின் பையில் இருக்கும், அப்பா பேங்கில் இருப்பார். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) போன் அடித்து, “நாங்கள் அனுப்பிய நாலு பம்பு என்ன ஆச்சு?” என்று கேட்பார். நான் ஒன்று சொல்வேன், அண்ணன் ஒன்று சொல்வார், கடைப் பையன் “இன்னும் வரவே இல்லையே” என்பான். ஒரே வாரத்தில் இப்படி இரண்டு முறை நடந்த பிறகுதான் மாறினோம். அந்த நிலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம்.

எந்த மென்பொருளை எடுப்பது?

பெயர்களை மட்டும் சொல்கிறேன். மாத வாடகைக்குக் கிடைப்பவற்றில் ஜென்டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் பலருக்கும் தெரிந்தவை. ஜென்டெஸ்க் 2007ல் கோபன்ஹேகனில் தொடங்கியது. ஃப்ரெஷ்டெஸ்க் 2010ல் சென்னையில் பிறந்தது, ஜோஹோவும் சென்னைக் கம்பெனிதான். சொந்த சர்வரில் இலவசமாக நிறுவிக்கொள்ள ஓஎஸ்டிக்கெட், ஜம்மாட், ஃப்ரீஸ்கவுட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன.

விளம்பரத்தில் வரும் வசதிப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோதனைக் கணக்கு ஒன்றைத் திறந்து நாலு விஷயத்தைச் செய்து பாருங்கள். திரையில் உள்ள சொற்களை நீங்களே மாற்ற முடிகிறதா? வேலையின் நிலைகளை உங்கள் விருப்பப்படி சேர்க்க முடிகிறதா? கைப்பேசியில் ஒரு கையால் பதிய முடிகிறதா? எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா? இந்த நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் வேறொன்றைத் தேடுவேன்.

முதலில் எதை மாற்ற வேண்டும்? லோகோவும் நிறமுமா?

அவை அரை மணி நேர வேலை, கடைசியில் செய்துகொள்ளலாம். முதலில் மாற்ற வேண்டியது சொற்களை.

இந்த மென்பொருள்கள் பெரிய அலுவலகங்களின் கணினிப் பிரிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திறந்தவுடன் டிக்கெட், ஏஜென்ட், இன்சிடென்ட், டிபார்ட்மென்ட் என்று வரும். எங்கள் கடைப் பையனுக்கு டிக்கெட் என்றால் பஸ் டிக்கெட். நாங்கள் அதைச் ‘சீட்டு’ என்று மாற்றினோம். கடையில் முன்பிருந்தே சொல்லி வந்த வார்த்தை அதுதான். ‘ஏஜென்ட்’ என்பதை ‘பார்ப்பவர்’ என்று வைத்தோம். ‘டிபார்ட்மென்ட்’ இருந்த இடத்தில் ‘பட்டறை’, ‘கவுண்டர்’, ‘கணக்கு’ என்று மூன்றே பிரிவு.

வேலை வகைகளிலும் அப்படித்தான். நான் முதலில் ‘எரிபொருள் அமைப்புக் கோளாறு’, ‘பற்றவைப்புக் கோளாறு’ என்று அழகாக எழுதி வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை, எல்லாச் சீட்டும் ‘மற்றவை’யில் போய் விழுந்தது. பிறகு இரண்டு வாரம் கவுண்டரில் உட்கார்ந்து, வருபவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அப்படியே எழுதிக்கொண்டேன். ‘ஸ்டார்ட் ஆகல’, ‘ஓடி ஓடி நின்னுடுது’, ‘பவர் இல்ல’, ‘மருந்து ஒழுகுது’, ‘கத்தி ஆடுது’. இன்று எங்கள் வகைகள் இவைதான். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டபடியே ஒரு தட்டில் தேர்ந்தெடுத்து விடலாம். காப்ரேட்டரா, பிளக்கா என்று கண்டுபிடிப்பது அண்ணனின் வேலை. அது வேலை முடியும்போது பதிய வேண்டிய வேறு கட்டம்.

இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் கடையில் எல்லோரும் மென்பொருளைத் தாங்களாகவே திறக்க ஆரம்பித்தார்கள். வேறு எதுவும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

படிவத்தில் எத்தனை கட்டங்கள் வைக்கலாம்?

கட்டாயமான கட்டங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் பதினான்கு வைத்துத் தொடங்கினோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக் கட்டங்களில் வெறும் புள்ளி மட்டும் இருந்தது. ஆள் வரிசையில் நிற்கும்போது கடைப் பையன் வேறு என்ன செய்வான்? புள்ளி வைத்தால்தான் அடுத்த பக்கம் திறக்கிறது. அவன் மேல் தப்பில்லை, படிவம் போட்ட என் மேல்தான் தப்பு.

இப்போது கட்டாயமாக இருப்பவை: கைப்பேசி எண், பெயர், எந்தத் தோட்டம் அல்லது கம்பம் (கிராமம்), எந்த மெஷின், என்ன கோளாறு. மெஷினின் வரிசை எண், உத்தரவாதம், கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் இவையெல்லாம் பிறகு நிரப்பலாம்.

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் பூஜ்யத்தில் தொடங்கி எழுதுவார், இன்னொருவர் +60 போடுவார், மூன்றாமவர் நடுவில் கோடு போடுவார். மென்பொருள் மூன்றையும் மூன்று ஆட்களாக எடுத்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் எழுதினாலும் +60 வடிவத்துக்கு மாறும்படி விதி வைத்துவிடுங்கள். எண் ஒன்றாக இருந்தால்தான் ஒருவருடைய பழைய சீட்டுகள் எல்லாம் ஒன்றாக வரும்.

இட விவரத்தில் இன்னும் கவனம் வேண்டும். மென்பொருளில் வரும் முகவரிக் கட்டம் தெரு, நகரம், அஞ்சல் குறியீடு என்று கேட்கும். தோட்டத்தில் ஏது தெரு? எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஸ்டோருக்கா ஆபீசுக்கா என்பதுதான் முகவரி. எல்பில், ஹேவுட், டவன்பி, கமுனிங் என்று நம் பக்கத்துத் தோட்டங்களை ஒரு பட்டியலாகப் போட்டுத் தேர்ந்தெடுக்க வையுங்கள். கையால் தட்டச்சு செய்ய விட்டால் ஒரே தோட்டம் ஆறு எழுத்துக்கூட்டலில் வந்து சேரும்.

தோட்டத்தையும் கம்பெனியையும் ஒரே கட்டத்தில் போடாதீர்கள். தோட்டம் அதே இடத்தில் இருக்கும், கம்பெனிப் பெயர் மாறும். 2007ல் சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூன்றும் ஒன்றாக இணைந்தன. அதில் வந்த சைம் டார்பி பிளாண்டேஷன் 2024ல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியது. கம்பெனிப் பெயரை வைத்துத் தேடியிருந்தால் பழைய சீட்டுகள் அதோடு தொலைந்திருக்கும். ஊர்ப் பெயரும் மாறக்கூடியதுதான். தெலுக் ஆன்சன் 1982லேயே தெலுக் இந்தான் ஆகிவிட்டது, ஆனாலும் பெரியவர்கள் சிலர் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வரும். பட்டியலில் பழைய பெயரையும் தேடுசொல்லாகச் சேர்த்து வையுங்கள்.

‘திறந்தது’, ‘முடிந்தது’ என்று இரண்டு நிலை போதாதா?

போதாது. பழுதுபார்க்கும் கடையின் உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

மெஷின் எங்களிடம் இருக்கும் நாட்களில் பாதிக்கு மேல் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. கோலாலம்பூரிலிருந்து சாமான் வர வேண்டும், இல்லாவிட்டால் விலை சொல்லிவிட்டுத் தோட்டத்தின் சம்மதத்துக்குக் காத்திருப்போம். வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ‘கடைக்காரன் இன்னும் செய்யவில்லை’ என்றுதான் தெரியும். நிலைகளைப் பிரித்து வைத்தால் யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பது அப்படியே எழுத்தில் நிற்கும்.

எங்கள் நிலைகள் ஆறு: வந்தது, பார்க்கிறோம், விலை சொல்லியாச்சு, சாமான் வரணும், ரெடி, எடுத்தாச்சு. ‘ரெடி’யும் ‘எடுத்தாச்சு’வும் தனித்தனியாக இருப்பது முக்கியம். வேலை முடிந்தும் ஆள் வராமல் கிடக்கும் மெஷின்கள் இடத்தையும் அடைக்கும், பணத்தையும் முடக்கும். ‘ரெடி’யில் ஏழு நாள் இருந்தால் தானாக ஒரு நினைவூட்டல் போகும்படி வைத்திருக்கிறோம். பட்டறைச் சுவரோரம் வருடக் கணக்கில் கிடந்த மெஷின்கள் இப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தன.

ஜென்டெஸ்கில் மூன்றாம் ஆளுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும் நிலை முன்பே இருக்கிறது. ஃப்ரெஷ்டெஸ்கில் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் நிலையில் நேரக் கணக்கு ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று சொல்லலாம். ‘சாமான் வரணும்’, ‘விலை சொல்லியாச்சு’ இரண்டிலும் கடிகாரத்தை நிறுத்துங்கள். கையில் இல்லாத சாமானுக்காகப் பட்டறை ஆள் ‘தாமதம்’ என்ற சிவப்பு எழுத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிவப்பு எப்போதும் எரிந்தால் உண்மையான தாமதத்தையும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

வேலை நேரம், விடுமுறை இதையெல்லாம் எப்படி அமைப்பது?

மென்பொருளோடு வரும் ஏற்பாடு திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பதிலிருந்து ஐந்து என்று இருக்கும், நேர மண்டலமும் வேறு நாட்டினுடையதாக இருக்கலாம். முதலில் அதைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். அதனால் காலையில் கொடுத்த மெஷினுக்கு நேற்றிரவுத் தேதி போட்டு ரசீது போனது.

அப்புறம் தோட்டத்தின் நேரம். விடியற்காலையிலேயே பெரட்டு (ஆட்களைக் கூட்டிப் பெயர் பதிவது) முடிந்து ஆட்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற செய்தி வருவது அப்போதுதான், எங்கள் கடை திறப்பதோ எட்டரைக்கு. அந்த நேரத்தில் வருகிற சீட்டுகளை ‘அவசரம்’ என்று தானாகக் குறித்து அண்ணன் கைப்பேசிக்கு அனுப்ப ஒரு விதி வைத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மெஷின்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள், அந்த நேரத்தில் கவுண்டரில் இரண்டு பேர் நிற்க வேண்டும். உங்கள் தொழிலுக்கு உச்ச நேரம் எது என்று ஒரு மாதச் சீட்டுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விடுமுறைப் பட்டியலை மாநிலத்துக்கு ஏற்றபடி போடுங்கள். பேராக்கில் தைப்பூசம் பொது விடுமுறை, எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜொகூரும் அப்படி இருந்து 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. கெடாவின் சுங்கை பட்டாணியில் கிளை வைத்திருக்கும் ஒருவர் ஒரே அட்டவணையை இரண்டு ஊருக்கும் போட்டதால், அங்கே ஞாயிற்றுக்கிழமை வந்த புகார்கள் எல்லாம் திங்கள் வரை கண்ணில் படாமல் கிடந்தன. கிளைக்குக் கிளை தனி அட்டவணை வையுங்கள். தீபாவளியும் தைப்பூசமும் ஒவ்வொரு வருடமும் தேதி மாறும், அதனால் டிசம்பரிலேயே அடுத்த வருடத்துக்குப் பதிந்துவிடுங்கள்.

தமிழில் சரியாக வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும். தமிழ்க் கணினி என்றாலே நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்ய அவருடைய செல்லினமும் இருக்கிறது. தட்டச்சு செய்வது இன்று பிரச்சினையே இல்லை. செய்ததை மென்பொருள் ஒழுங்காகச் சேமிக்கிறதா, ஒழுங்காக அச்சிடுகிறதா என்பதுதான் பிரச்சினை.

சொந்த சர்வரில் நிறுவினால் தரவுத்தளத்தின் எழுத்து முறையை யுடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். மைசீக்வல் என்ற தரவுத்தளத்தின் பழைய லத்தீன் அமைப்பில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும். பழைய யுடிஎஃப்8 அமைப்பு தமிழை ஏற்கும், ஆனால் இமோஜிக்கு இடம் தராது. வாடிக்கையாளர் ஒரு கும்பிடு இமோஜி போட்டாலே செய்தி சேராமல் போகலாம்.

அடுத்து அச்சு. திரையில் அழகாக இருக்கும் தமிழ், பிடிஎஃப் ரசீதில் உடையும். ‘மெஷின்’ என்பதில் உள்ள ஒற்றைக் கொம்பு ம எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பும் காலும் உள்ள சொற்களாகப் பார்த்து ‘பெட்ரோல், கோயில், சைக்கிள்’ என்று ஒரு சோதனைச் சீட்டு அச்சிட்டுப் பாருங்கள். உடைந்தால் எழுத்துருவை மாற்ற வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் உலாவியிலிருந்தே நேரடியாக அச்சிடலாம்.

குறுஞ்செய்தி அனுப்புகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம், தமிழில் 70தான். அதிலும் ‘கொ’ போன்ற எழுத்து இரண்டு இடம் பிடிக்கும். நீளமான தமிழ்ச் செய்தி மூன்று செய்திகளாகக் கட்டணம் வாங்கிவிடும். “சீட்டு 412 ரெடி. எடுத்துக்கொள்ளலாம்.” என்ற அளவில் நிறுத்துங்கள்.

வாடிக்கையாளர்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள், நடுவில் மலாய் கலக்கும். இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் மலாயில் எழுதுவார்கள். இதைச் சரியாகத் தேடிக் கண்டுபிடிப்பது மென்பொருளுக்குக் கஷ்டம். அதனால்தான் வகையைக் கடை ஆளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்கிறேன். செய்தி எந்த மொழியில் வந்தாலும் ‘பவர் இல்ல’ என்ற வகையில் சேர்ந்துவிட்டால் போதும்.

எல்லோரும் புலனத்தில்தான் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புகிறார்கள். அதை இணைக்கலாமா?

இணைக்கத்தான் வேண்டும். எங்கள் சீட்டுகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகின்றன, இணையப் படிவத்தை நிரப்புகிறவர்கள் தோட்ட ஆபீஸ்காரர்கள் மட்டும்தான்.

தொழிலுக்கான ஏபிஐ (ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைக்கும் வழி) வழியாக இணைக்கும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள். வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் நீங்கள் எது வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கிய வார்ப்புருச் செய்தியைத்தான் அனுப்ப முடியும். சாமான் வர ஐந்து நாள் ஆகும் தொழிலில் இது நேராக வந்து இடிக்கும். ஆகவே ‘விலை இவ்வளவு, செய்யலாமா?’, ‘ரெடி, வாருங்கள்’, ‘சாமான் தாமதம்’ என்ற மூன்றுக்கும் முதல் வாரத்திலேயே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் செய்திகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஒரு வரியில் எழுதிச் சீட்டில் சேருங்கள். ஒரு மாதம் கழித்து யாரும் இரண்டு நிமிடக் குரல் செய்தியை மறுபடி போட்டுக் கேட்கப் போவதில்லை.

தானாகப் போகும் பதில்களை எப்படி எழுதுவது?

முதலில் எங்கள் மென்பொருள் “உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்” என்று அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கடைக்கே வந்து, “என்னப்பா, கடையை வித்துட்டீங்களா?” என்று கேட்டார். எங்கள் குரல் அதில் இல்லை. இப்போது போவது இது: “வணக்கம். உங்கள் மெஷின் வந்து சேர்ந்தது. சீட்டு எண் 412. நாளை சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டு விலை சொல்கிறோம்.” என்ன செய்யப் போகிறோம், எப்போது என்ற இரண்டும் அதில் இருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் ‘ஐயா’, ‘அம்மா’ என்று தானாகச் சேர்க்கப் பார்க்காதீர்கள். பெயரை வைத்து மென்பொருளால் அதைச் சரியாகச் சொல்ல முடியாது. ‘வணக்கம்’ எல்லோருக்கும் பொருந்தும்.

மின்னஞ்சலில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு தோட்ட அலுவலகத்தின் பெட்டியில் விடுமுறைத் தானியங்கிப் பதில் இருந்தது. எங்கள் தானியங்கிப் பதில் அங்கே போக, அவர்களுடையது இங்கே வர, இரவு முழுவதும் இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் எழுதிக்கொண்டிருந்தன. காலையில் திறந்தால் முந்நூறுக்கு மேல் புதுச் சீட்டுகள். தானியங்கி அஞ்சலுக்குப் பதில் அனுப்பாதே என்ற அமைப்பைப் போடுங்கள், ஒரே முகவரிக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை பதில்தான் என்று வரம்பும் வையுங்கள். அஞ்சல் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளையும் உங்கள் டொமைனுக்குச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அனுப்புவது குப்பைப் பெட்டிக்குப் போய்விடும்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதி வைக்கலாமா?

எழுதி வையுங்கள். எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது எண்ணெய்க் கலவை. டூ ஸ்ட்ரோக் மெஷினின் கையேட்டில் 50க்கு 1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய், 25க்கு 1 என்றால் 40 மில்லி. இதைத் தமிழிலும் மலாயிலும் படத்தோடு எழுதி, ‘பவர் இல்ல’, ‘ஓடி ஓடி நின்னுடுது’ வகைச் சீட்டுகளோடு இணைத்துவிட்டோம்.

கடையில் யார் யாருக்கு எந்த அனுமதி?

அழிக்கும் அனுமதி ஒருவருக்கு மட்டும். விலையை மாற்றும் அனுமதி அண்ணனுக்கும் எனக்கும். மற்றவர்கள் பதியலாம், படிக்கலாம், குறிப்பு எழுதலாம்.

குறிப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல மென்பொருள்களில் வாடிக்கையாளருக்குப் போகும் பதிலும் கடைக்குள் மட்டும் தெரியும் குறிப்பும் பக்கத்துப் பக்கத்துப் பொத்தானாக இருக்கும். “இவர்கள் போன மாதமும் தண்ணீர் கலந்த பெட்ரோல் ஊற்றித்தான் கெடுத்தார்கள்” என்று உள்ளே எழுத நினைத்தது நேராகத் தோட்டத்து மேனேஜருக்குப் போய்விட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அன்றே உள்குறிப்புதான் முதலில் திறக்கும்படி மாற்றினேன், அதன் பின்புறத்தை அடர்ந்த மஞ்சளாக்கினேன். நிறம் மாற்றியதில் எனக்கு நிஜமாகவே பயன்பட்ட இடம் அது ஒன்றுதான்.

நிரல் தெரிந்த பையன் இருக்கிறான். மூலக் கோப்புகளையே மாற்றலாமா?

வேண்டாம். திறந்த மூல மென்பொருள் என்றால் கோப்பைத் திறந்து திருத்துவது சுலபம்தான், ஆனால் அடுத்த பதிப்பை ஏற்றும்போது உங்கள் திருத்தம் எல்லாம் அழிந்துவிடும். அதற்குப் பயந்து பதிப்பையே ஏற்றாமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே கிடக்கும். அமைப்புப் பக்கத்தில் செய்ய முடிந்ததை அங்கே செய்யுங்கள். முடியாததற்குச் செருகு நிரலோ ஏபிஐயோ பயன்படுத்துங்கள். எதையும் முதலில் ஒரு சோதனைப் பிரதியில் செய்து பார்த்து, என்ன மாற்றினோம் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பையன் நாளைக்குச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடலாம்.

வாடகை மென்பொருளா, சொந்த சர்வரா? எது மலிவு?

வாடகை என்பது ஆளுக்கு ஒரு மாதக் கட்டணம், பெரும்பாலும் டாலரில். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.70 ரிங்கிட்டைத் தாண்டி நின்றது. அந்த மாதம் அதே மென்பொருள் எங்களுக்கு அதிகச் செலவு வைத்தது. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைக்கான சேவை வரியும் உண்டு. 2020ல் 6 விழுக்காட்டில் தொடங்கி 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. சொந்த சர்வரில் மென்பொருள் இலவசம், ஆனால் காப்புப் பிரதி எடுக்க, பதிப்பு ஏற்ற, நடுவில் நின்றால் எழுப்ப ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் வீட்டிலேயே இல்லாதவர்களுக்கு வாடகையைத்தான் சொல்வேன். ஐந்து பேர் வேலை செய்தாலும் ஐந்து கணக்கு தேவைப்படாமல் போகலாம். பட்டறைக்கு ஒன்று, கவுண்டருக்கு ஒன்று என்று தொடங்கலாமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சில கம்பெனிகள் ஒரு கணக்கைப் பலர் பகிர்வதை அனுமதிப்பதில்லை.

வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் வருமா?

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. சின்னக் கடைக்கு அது பொருந்தாது என்று நினைக்காதீர்கள். எதற்காக விவரம் கேட்கிறோம், யாரிடம் பகிர்கிறோம் என்ற அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நாங்கள் தமிழிலும் ஒன்று சேர்த்திருக்கிறோம், நம் ஆட்கள் படிப்பதற்காக. 2024ல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூன் முதல், தரவு கசிந்து ஆட்களுக்குப் பெரும் பாதிப்பு வரும் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மென்பொருளில் இதற்காக நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் குறைப்பதுதான். அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. பம்பு பழுதுபார்க்க அது எதற்கு? முடிந்த சீட்டுகளை எத்தனை வருடம் வைப்பது என்று முடிவெடுத்து, அதற்குப் பிறகு தானாக நீங்கும்படி வையுங்கள்.

அப்பா கணினியைத் தொட மாட்டார். என்ன செய்வது?

எங்கள் அப்பாவும் தொடவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவர் நோட்டில் எழுதுகிறார், சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கடை எண்ணுக்கு அனுப்புகிறார், அது ஒரு சீட்டாக விழுகிறது. நான் பிரித்துப் பதிகிறேன். பத்து நிமிட வேலை. நாற்பது வருடமாக அவரைத் தேடி வரும் வாடிக்கையாளர்கள் அவரிடம்தான் பேசுவார்கள், அந்தப் பேச்சு மென்பொருளுக்கு வெளியே போய்விடக் கூடாது.

எந்த அறிக்கைகளைப் பார்க்க வேண்டும்?

இரண்டே இரண்டு. ‘சாமான் வரணும்’ நிலையில் அதிக நாள் நிற்பவை எந்தச் சாமானுக்காக? அதைக் கையிருப்பில் வாங்கி வைக்கலாம். ஒரே மெஷின் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்ததா? வந்தால் அது எங்கள் வேலையின் குறை, அல்லது அதை ஓட்டுபவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவதைப் பார்த்துத்தான் ஒரு தோட்டத்துக்குப் போய் மெஷின் ஓட்டுபவர்களுக்குக் காற்று வடிகட்டி கழுவுவது எப்படி என்று காட்டிவிட்டு வந்தோம்.

நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாற வேண்டியிருந்தால்?

வாங்கும் முன்பே இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் அப்போதுதான் கேட்க வேண்டும். சோதனைக் கணக்கில் இருபது சீட்டு போட்டு, படங்களும் இணைத்து, வெளியே எடுத்துப் பாருங்கள். பல மென்பொருள்கள் சீட்டின் தலைப்பையும் தேதியையும் மட்டும் அட்டவணையாகத் தரும், உள்ளே நடந்த பேச்சும் படங்களும் வராது. கோப்பை எக்செலில் திறக்கும்போது தமிழ் சிதைந்து தெரிந்தால் பயப்படாதீர்கள். நேராகத் திறக்காமல் தரவு இறக்குமதி வழியாக யுடிஎஃப்8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும். நாங்கள் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதி எடுத்து வீட்டில் தனி வன்தட்டில் வைக்கிறோம்.